பதிலுக்கு விட்ட பக்கம்

ஒலிநாடாவை அவசரப்படுத்த முடியாது. 60 நிமிட கேசட் ஒன்றைக் கணினிக்குள் கொண்டுபோக 60 நிமிடம் ஆகும். பழைய புகைப்படத்தை ஸ்கேன் செய்வதுபோல ஒவ்வொன்றாக வைத்து எடுத்துவிடலாம் என்று நினைத்துத்தான் இந்த வேலையைத் தொடங்கினேன். அப்படி இல்லை. கேசட் ஓட வேண்டும். ஓடுகிற நேரமெல்லாம் மறுமுனையில் கணினி அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கூடவே நானும் உட்கார்ந்து கேட்டேன். ஒரே ஒரு கேசட்டை மட்டும் கேட்டிருக்க வேண்டாமோ என்று இப்போதும் சில நாட்களில் தோன்றுகிறது.

அப்பா 2019இல் இறந்தார். அவர் இறந்து வெகுநாள் கழித்து, பேராவூரணிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டின் பரணைச் சுத்தம் செய்தபோது அந்த நீலப் பை கிடைத்தது. உள்ளே 14 கேசட்டுகள். பை இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், திறந்து பார்த்தவர்கள்தான் இல்லை. அது குவைத்திலிருந்து வந்த பை. 1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தபோது அப்பா அங்கே வேலைக்குப் போய் 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த சில மாதங்களில் ஏறக்குறைய 1,70,000 இந்தியர்கள் அங்கிருந்து திரும்பினார்கள். பெரும்பாலோரைப்போல அப்பாவும் பஸ்ஸில் பாக்தாத் வழியாக ஜோர்டானுக்குப் போய், அம்மானில் நாட்கணக்கில் கூடாரத்தில் கிடந்து, ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய் வந்து சேர்ந்தார். புதிதாக வாங்கிய டிவி, எனக்கென்று எடுத்து வைத்திருந்த தையல் மெஷின், வர வேண்டிய சம்பளம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த மனிதர் கேசட்டுப் பையை மட்டும் விடவில்லை. "ஒங்கப்பன் ஒங்க கொரலத்தான் தூக்கிட்டு வந்தான்" என்று அப்பாயி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டின் காதல் கதை அதுதான். நானும் அதை நம்பி வளர்ந்தவள்.

1980களில் வளைகுடாவுக்கு ஆள் போன ஊர்களில் கேசட்டில் பேசி அனுப்புவது சாதாரணம். அம்மா ஐந்தாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டிப் படிப்பாள். கடிதம் எழுத வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுப் பையனைத்தான் கூப்பிட வேண்டும். வந்த கடிதத்தை அப்பாயிக்காகத் தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். கணவன் மனைவிக்கு எழுதியதைத் தெரு கேட்கும். கேசட் வந்தபிறகு எழுத ஆள் வேண்டாம், படிக்க ஆள் வேண்டாம். கேரளத்தில் எஸ்.ஏ. ஜமீல் பாடிய துபாய்க் கத்துப்பாட்டு, வளைகுடாவில் இருக்கும் கணவனுக்கு மனைவி எழுதும் கடிதமாக அமைந்தது. 1970களின் இறுதியில் தொடங்கி வீட்டுக்கு வீடு ஒலித்தது. பிறகு கணவனின் பதிலையும் அவரே பாட்டாகக் கட்டினார். மனைவியின் முறையீடு, கணவனின் பதில் இரண்டுக்கும் ஆசிரியர் ஒரே ஆண். நிஜ மனைவிகள் பேசிய கேசட்டுகள் எங்கே என்று நான் ஒரு கூட்டத்தில் ஆவேசமாகக் கேட்டிருக்கிறேன். என் வீட்டுப் பரணில்தான் இருந்தன.

அப்பா 1982 விடுமுறையில் கொண்டுவந்த டூ இன் ஒன் இன்னும் வீட்டில் இருந்தது. மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கும் ரப்பர் பெல்ட் உருகி, தார்போல ஒட்டிக் கிடந்தது. தஞ்சாவூரில் ஒரு வயதான ரேடியோ மெக்கானிக் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு வேறு பெல்ட் போட்டுக் கொடுத்தார். கைப்பக்குவமும் சொல்லிக் கொடுத்தார். பல வருடம் கிடந்த கேசட்டைப் போட்டவுடன் பாடவிடக் கூடாது. நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், முதலில் பேனாவைச் சொருகிக் கையால் கொஞ்சம் சுற்றித் தளர்த்த வேண்டும். வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தால் அதைத் துடைக்காமல் மெஷினில் போடக் கூடாது, அடுத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் சிறிய திருகை ஸ்க்ரூ டிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால், பேசுபவரின் 'ச' தெளிவாகக் கேட்கும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்திவிட வேண்டும். மூன்று கேசட்டுகளில் நாடாவை ஹெட்டின்மேல் அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத் துண்டு பசை காய்ந்து உதிர்ந்துவிட்டது. ஒரு பக்திப் பாடல் கேசட்டைத் திருகு கழற்றி அதிலிருந்து எடுத்து ஒட்டினேன். அப்பாயி இருந்திருந்தால் சாமி குத்தம் என்றிருக்கும்.

ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயர், யுஎஸ்பியில் செருகும் சிறிய சவுண்ட் கார்டு, அதிலிருந்து மடிக்கணினி. ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிந்தால் ஒரு மணி நேர மோனோ ஒலிக்கு அரை ஜிபி இடம் பிடிக்கும். முதலில் சுருக்காமல் பதிய வேண்டும், எம்பி3யாக்குவதெல்லாம் அப்புறம். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, "எல்லாத்தையும் முடிச்சு ஃபேமிலி குரூப்ல போட்டுரு அக்கா" என்று வாரத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தான்.

குடும்பக் கேசட்டுகள் எல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. "ஓடுதா? ஓடுதான்னு பாரு." பிறகு தாத்தா, வயல், வழக்கு, வட்டி. அடுத்து அப்பாயி. குவைத் வெகுதூரம் என்பதால் அது கத்தித்தான் பேசும். ஒன்றில் எம்ஜிஆர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாரே என்று பத்து நிமிடம் அழுகிறது. அதை வைத்து அந்தக் கேசட் 1984 அக்டோபரை ஒட்டியது என்று கணக்குப் போட்டேன். அக்கம்பக்கத்தார் தங்கள் மகன்களுக்குச் சேதி சொல்வார்கள். நான் பள்ளிக்கூடப் பாட்டு ஒப்பிப்பேன். கடைசியில், நாடா தீரப் போகும்போது அம்மா வருவாள். "நல்லா இருக்கேன். பிள்ளைங்க நல்லா இருக்கு. ஒடம்பப் பாத்துக்குங்க." ஏழு கேசட்டிலும் இதே மூன்று வாக்கியம். பக்கத்தில் அப்பாயி உட்கார்ந்திருப்பது மூச்சிலேயே தெரியும். அந்த ஏழு கேசட்டுகளில் அப்பாயி பேசியது இரண்டு மணி நேரத்துக்கும் மேல். அம்மா பேசியது மொத்தம் 4 நிமிடம் 10 விநாடி.

(அப்பா வந்தார், அம்மா வந்தாள் என்றே கை எழுதுகிறது. அதைத் திருத்திப் பார்த்தேன். திருத்தினால் அம்மா யாரோ ஒரு தலைமையாசிரியை ஆகிவிடுகிறாள். அப்படியே விட்டிருக்கிறேன். இது சரியென்று சொல்லவில்லை.)

அந்தக் காலத்து டேப் ரெக்கார்டர்களில் ஒலியளவைத் தானாகச் சரிசெய்யும் ஏற்பாடு உண்டு. சத்தமாகப் பேசினால் குறைத்துக்கொள்ளும், யாரும் பேசாவிட்டால் கூட்டிக்கொண்டே போகும். அதனால் அப்பாயி மூச்சுவாங்க நிறுத்தும்போதெல்லாம் அடுப்படி மெல்ல மேலே எழுந்து வருகிறது. அம்மியின் ஓசை, ஈர விறகை ஊதும் சத்தம். கூடவே, அப்பாயி மறந்ததை எடுத்துக்கொடுக்கும் அம்மாவின் குரல்: "மாமாவுக்குக் கண்ணு ஆபரேசன் பண்ணத சொல்லுங்க அத்தை." உடனே அப்பாயி கண் ஆபரேஷனைப் பற்றிக் கத்தும், அம்மா மறைந்துவிடுவாள்.

இரைச்சலை நீக்கும் வசதி ஆடாசிட்டியில் இருக்கிறது. யாரும் பேசாத இடத்தில் இரண்டு விநாடியைத் தேர்ந்தெடுத்து, இதுதான் இரைச்சல் என்று காட்ட வேண்டும். அந்த அளவுக்குக் கீழே உள்ளதையெல்லாம் அது அமுக்கிவிடும். நான் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். அப்பாயி நேற்றுப் பேசியதுபோல ஆகிவிட்டது. தம்பிக்கு அனுப்பினேன், அழுதுவிட்டதாகச் சொன்னான். மறுநாள் மூலத்தையும் இதையும் வைத்துப் பார்த்தபோதுதான் 'கண்ணு ஆபரேசன் பண்ணத சொல்லுங்க அத்தை' காணாமல் போயிருப்பது தெரிந்தது. அம்மாவின் குரல் நாடாவின் உஸ்ஸென்ற ஓசை அளவுக்கே இருந்ததால் அதையும் இரைச்சலென்று எடுத்துவிட்டது. மென்பொருளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எது இரைச்சல் என்று காட்டியதும் நான்தான், அளவு வைத்ததும் நான்தான். அதன்பிறகு எதையும் சுத்தம் செய்யவில்லை. உஸ்ஸென்ற ஓசையோடேயே வைத்திருக்கிறேன்.

பதினோராவது கேசட்டின்மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை. டிடிகே டி60. கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சிறிய பிளாஸ்டிக் பல் இருக்கும், பக்கத்துக்கு ஒன்று. அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் யாரும் மேற்கொண்டு பதிய முடியாது. இதில் ஏ பக்கத்தின் பல் உடைக்கப்பட்டிருந்தது, பி பக்கத்தினது அப்படியே இருந்தது. பாட்டுக் கேசட்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஓடவிட்டேன்.

மாடு அசைபோடும் சத்தம். கழுத்து மணி. பிறகு அம்மா. "ஏங்க" என்று தொடங்குகிறாள். நான் அதற்கு முன் கேட்டிராத குரல். பக்கத்தில் ஆளில்லாத குரல். 11 நிமிடம் பேசுகிறாள். நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும் என்பதால், ஏறக்குறைய 31 மீட்டர். பேட்டரி தீர்ந்துகொண்டே வந்திருக்க வேண்டும். பதியும்போது நாடா மெதுவாக ஓடினால் கேட்கும்போது குரல் மேலேறும். அதனால் போகப் போக அவள் குரல் கீச்சாகி, முடிவில் எட்டு வயதுச் சிறுமி பேசுவதுபோல ஆகிவிடுகிறது. மென்பொருளில் வேகத்தைச் சரிசெய்து 26 வயதுப் பெண்ணாக மீட்டுவிட முடியும். செய்யவில்லை.

என்ன பேசினாள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதலாமா என்று அவளிடம் கேட்டபோது, "சொன்னேன்னு எழுது. சொன்னத எழுதாத" என்றாள். ஒரு கேள்வி கேட்கிறாள் என்று மட்டும் சொல்ல அனுமதி இருக்கிறது. இதைப் பெண்ணியக் கட்டுரை என்று எடுத்துப் படிப்பவர்கள் என்னவெல்லாம் ஊகிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், நானும் உங்கள் இடத்தில் இருந்தால் ஊகிப்பேன். கடைசி விநாடிகளில் இப்படிச் சொல்கிறாள்: "இதக் கேட்டுட்டு இதுமேலயே ஒங்க பதிலப் பேசி அனுப்புங்க. இது இருக்கக் கூடாது."

இது விளங்க அந்தக் கால வழக்கம் தெரிய வேண்டும். கேசட் விலை அதிகம். வந்ததைக் கேட்டுவிட்டு, அதன்மேலேயே தன் பதிலைப் பேசி, ஊருக்கு வரும் ஆளிடம் கொடுத்தனுப்புவார்கள். இங்கும் அப்படித்தான். ஒரே கேசட் இரண்டு மூன்று தடவை கடல் தாண்டும். பதில் சொல்வதும் வந்ததை அழிப்பதும் ஒரே பொத்தான். அப்படியென்றால் நீலப் பையில் இருந்தவை எவை? அப்பா பேசி அனுப்பாதவை. மற்றவற்றுக்கு வேறு கேசட்டில் பதில் வந்திருக்கலாம், நலம்விசாரிப்புக்குப் பதில் எதில் வந்தால் என்ன? இந்தக் கேசட்டில் கேள்வியை அழிக்காமல், உடைக்க வேண்டிய பல்லை உடைத்து, ஆறு வருடம் குவைத்தில் வைத்திருந்து, ஒரு போருக்கு நடுவே தூக்கிக்கொண்டு வந்து, இன்னும் 29 வருடம் பரணில் வைத்திருந்தார். பொக்கிஷம்போலத்தான் காத்தார். அம்மா கேட்டது அதை அல்ல.

பதிவை நிறுத்தும் பொத்தானை அழுத்தியபோதுதான் எனக்கு உறைத்தது. அழிக்கச் சொன்ன வாக்கியம் கடைசியில் வருகிறது. அதைக் கேட்டு முடிக்கும்போது கணினியில் நகலும் முடிந்திருந்தது. அழிய வேண்டும் என்று அவள் சொன்ன ஒன்றை, அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் இரண்டாக்கிவிட்டேன்.

நான் அதைச் சேமித்தேன். பெயர் கொடுக்கக் கூசி, 'பதினொன்று' என்று வைத்தேன். மூன்று மாதம் அது அப்படியே இருந்தது.

என் தோழி ஒருத்தி பெண்களின் வாய்மொழி வரலாறுகளைத் தொகுப்பவள். அவளிடம் உள்ளடக்கத்தைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன். "அழிச்சிடாதே" என்றாள் உடனே. நான் மேடையில் பேசுவதையே எனக்குத் திருப்பிச் சொன்னாள். வீட்டுப் பெண்கள் எழுதி வைக்கவில்லை, எழுதியவர்களும் எரித்தார்கள், வெட்கத்தாலும் பயத்தாலும் அழிக்கச் சொன்னதையெல்லாம் கேட்டு அழித்திருந்தால் நமக்கு வரலாறே மிஞ்சாது. அந்தப் பயமே வரலாற்றின் பகுதிதான், அதற்கு நாம் எதற்குக் கட்டுப்பட வேண்டும்? காஃப்கா தன் கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடச் சொன்னார், மாக்ஸ் பிராட் எரிக்கவில்லை. காஃப்கா இறந்த மறுவருடமே, 1925இல், 'விசாரணை' நாவல் வந்துவிட்டது. யாராவது பிராடைத் திட்டுகிறார்களா?

இதில் பாதி எனக்குச் சரியாகப் படுகிறது, இன்றும். அம்பை 1988இல் நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் இருவரோடும் சேர்ந்து மும்பையில் தொடங்கிய ஸ்பாரோ காப்பகத்தின் பெயருக்குள்ளேயே ஒலியும் படமும் இருக்கின்றன. அந்தப் பெயரைக் கேட்டுத்தான் பெண்களின் பேச்சும் ஆவணம் என்று நான் புரிந்துகொண்டேன். ஆனால் எதிரே ஒருத்தி கேட்க உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்து தன் வாழ்க்கையைச் சொல்லும் பெண் வேறு. மாட்டுக் கொட்டகையில் ஒரே ஒரு ஆளிடம் பேசியவள் வேறு. பிராட் விஷயமும் அவ்வளவு பொருந்தவில்லை. எரிக்க மாட்டேன் என்று காஃப்காவிடம் முன்பே சொல்லிவிட்டதாகப் பிராட் எழுதியிருக்கிறார். தெரிந்துகொண்டே ஒருவரிடம் கொடுப்பதில் ஏதோ ஒரு சம்மதம் ஒளிந்திருக்கிறது என்று வாதிடலாம். அம்மாவுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. தவிர, காஃப்கா தன் தாள்களிடம் பதில் கேட்கவில்லை.

ரோலண்ட் பார்த் தன் அம்மா இறந்தபிறகு புகைப்படங்களைப் பற்றி எழுதி 1980இல் வெளியிட்ட புத்தகத்தில், அம்மா சிறுமியாகக் கண்ணாடி அறைத் தோட்டத்தில் நிற்கும் ஒரு படத்தைச் சுற்றியே பாதி புத்தகத்தை நடத்துகிறார். பல படங்கள் உள்ள அந்தப் புத்தகத்தில் அந்த ஒன்று மட்டும் இல்லை. மற்றவர்களுக்கு அது சாதாரணப் படமாகத்தான் தெரியும் என்பது அவர் சொல்லும் காரணம். எனக்கு நேர்மாறான பயம். இந்த 11 நிமிடத்தை யார் கேட்டாலும் உருகுவார்கள். உருகுவார்கள், பாராட்டுவார்கள், பாடத்திட்டத்தில்கூட வைப்பார்கள். நாற்பது வருடமாகப் பதில் இல்லாத ஒரு கேள்விக்கு இன்னும் ஆயிரம்பேர் பதில் சொல்லாமல் இருப்பார்கள்.

தம்பியிடம் ஒரு கேசட் மட்டும் வராது என்று சொன்னேன். கோபப்பட்டான். "எனக்கும் அம்மாதானே? அப்பா காப்பாத்தி வச்சதே நாம கேக்கத்தானே?" சட்டம் கேட்டால் விசித்திரமான ஒரு பதில் இருக்கிறது. கடிதத்தின் தாள் அதைப் பெற்றவருக்குச் சொந்தம். அதன் சொற்கள் எழுதியவருக்கே சொந்தம். அந்தக் கணக்கில் பிளாஸ்டிக்கும் திருகும் 31 மீட்டர் நாடாவும் அப்பா வழியாக எங்களுக்கு வரலாம். நாடாவின்மேல் இருப்பது வராது. தம்பியிடம் இதைச் சொன்னபோது, நான் எப்போதும் எல்லாவற்றையும் சிக்கலாக்குகிறேன் என்றான். அதுவும் உண்மைதான்.

மூன்று மாதம் நான் தோழியிடம் பேசினேன், தம்பியிடம் பேசினேன், செத்துப்போன பிரெஞ்சுக்காரர் வரை போனேன். அம்மாவிடம் பேசவில்லை. அவளுக்கு 65 வயது, தெளிவாக இருக்கிறாள், தினம் இரவு எட்டு மணிக்கு போன் செய்கிறாள். அவள் மனம் நோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜக் காரணம் வேறு. கேட்டால் அழி என்று சொல்லிவிடுவாள், அப்போது நான் அழிக்க வேண்டியிருக்கும். மேடையில் நான் மீட்டெடுக்கும் குரல்களில் பெரும்பாலானவை இறந்தவர்களுடையவை என்பதை அப்போது கவனித்தேன். அவர்கள் வேண்டாம் என்று சொல்வதில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டுக் கொட்டாயில பேசுனதா?"

"ஆமாம்மா."

"அது இன்னமும் இருக்கா?"

உரித்துக்கொண்டே இருந்தாள். இட்லிப் பொடிப் பொட்டலத்துக்குள் வைத்து, குவைத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பிய கதையைச் சொன்னாள். வீட்டில் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போன நாள். தம்பிக்குக் காய்ச்சல் என்று சொல்லி அவள் மட்டும் தங்கிக்கொண்டாள். காய்ச்சல் பொய். இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்புறம் கேட்டாள்.

"மறுபக்கம் பாத்தியா? அவுக ஏதும் பேசிருக்காகளா?"

நான் பார்க்கவில்லை. பி பக்கத்தின் தொடக்கத்தில் ஒரு நிமிடம் ஓடவிட்டு, வெறும் உஸ் என்றிருந்ததால் காலி என்று குறித்துவிட்டேன். முழுசாகக் கேட்டிருக்க வேண்டும் என்ற முதல் பாடத்தையே அந்தக் கேசட்டில் மீறியிருக்கிறேன். அன்று ராத்திரி அம்மா தூங்கியபிறகு பி பக்கத்தை முதலிலிருந்து ஓடவிட்டேன். 5 நிமிடம். 10 நிமிடம். உஸ். 19ஆவது நிமிடத்தில் டப்பென்று பதியும் பொத்தான் விழும் சத்தம். தூரத்தில் ஒரு வண்டி ஹாரன். ஒரு ஆள் தொண்டையைக் கனைக்கிறார். 40 விநாடி ஒன்றும் இல்லை. இன்னொருமுறை கனைப்பு. டப்.

அது ஏன் 19ஆவது நிமிடத்தில் இருக்கிறது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஏ பக்கத்தில் அம்மா 11 நிமிடம் பேசினாள். அது முடிந்ததும் பின்னுக்குச் சுற்றாமல் கேசட்டை அப்படியே திருப்பிப் போட்டால் மறுபக்கத்தில் 19ஆவது நிமிடம் வரும். அதே நாடாவில், அவள் குரல் முடிந்த இடத்துக்கு நேர் மறுபாதியில். கேட்டு முடித்த கையோடு, அவள் சொன்னதின்மேல் பேச மனம் வராமல், திருப்பிப் போட்டு ஆரம்பித்திருக்கிறார்.

காலையில் அம்மாவிடம் இதைச் சொன்னபோது எனக்குக் குரல் கம்மியது. அப்பாவைக் கொஞ்சம் மீட்டுவிட்டதாக நினைத்தேன்போல. ஹெட்போனில் கேட்கிறாயா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"கனைக்க மட்டும் தெரிஞ்சிருக்கு."

அதற்கு மேல் அப்பாவைப் பற்றிப் பேச்சில்லை. காபி குடித்தோம். தம்பிக்கு அனுப்பிவிட்டாயா என்று கேட்டாள், இல்லை என்றேன். வேறு யார் கேட்டார்கள், நான் மட்டும். முழுசாகவா? முழுசாக. கணினியில் இருப்பதை அவள் முன்னாலேயே அழித்துக் காட்டினேன், குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அவளுக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. திரையில் ஒரு பெயர் இருந்து இல்லாமல் போனது, அவ்வளவுதான். அவள் கேசட்டைத்தான் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடைந்த பல்லின் குழியில் நகத்தை வைத்துப் பார்த்தாள்.

"கேட்டுட்டேல்ல. நீ என்ன சொல்ற?"

"எதுக்கும்மா?"

"நான் கேட்டதுக்கு."

நாற்பது வருடத்துக்கு முந்தைய கேள்வி. கேட்கப்பட்டவர் செத்துப்போய்விட்டார். இப்போது நான் என்ன சொன்னாலும் எதுவும் மாறாது, அப்படித்தான் அவளிடம் சொன்னேன். மாறுவதற்காக நான் கேட்கவில்லை என்றாள். மெஷினை எடுத்துவரச் சொன்னாள். பல் உடைந்த குழியின்மேல் செல்லோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான். டேப்பைப் பல்லால் கடித்து அவளே ஒட்டினாள். நாடாவைத் தொடக்கத்துக்குச் சுற்றினேன். என் தோழியின் முகம் நினைவுக்கு வந்தது. விரல் ஒரு நொடி தயங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினேன். பல ஊர்களில் பலமுறை மைக் பிடித்தவள். "அம்மா" என்று தொடங்கியதும் தொண்டை அடைத்தது, கனைத்தேன். அம்மா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்புறம் பேசினேன். அவள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதிலை, சுற்றிவளைக்காமல். முடித்துவிட்டு நிறுத்தினேன். 4 நிமிடம் ஆகியிருந்தது.

அம்மா போட்டுக் காட்டச் சொன்னாள். என் குரல் ஓடியது, முடிந்தது, ஒரு டப், உடனே அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து அவளுடைய பழைய குரல் தொடர்ந்தது. அம்மா எட்டி அதை நிறுத்தினாள்.

"இன்னும் ஏழு நிமிசம் கெடக்கு" என்றாள். "பேசு."